ஒரே ஒருவருக்காக ஒரு சட்டமா? முகாம் தமிழர்களுக்கு அந்தக் கதவு ஏன் திறக்கல?

சட்டம்னா எல்லாருக்கும் பொதுன்னுதான் படிச்சிருக்கோம். ஆனா அமெரிக்காவில் ஒருத்தர் பேரைப் போட்டு, அவருக்கு மட்டும் கிரீன் கார்டு கிடைக்க நாடாளுமன்றமே சட்டம் போடலாம். நம்ம எம்.பி.க்கள் கொண்டுவரும் ‘தனிநபர் மசோதா’ வேற, இது வேற. எந்த விசா விதியிலும் அடங்காதவருக்காக ஒரு எம்.பி. மசோதா கொண்டுவருவார். இரு அவைகளும் நிறைவேற்றி, அதிபர் கையெழுத்து போடணும்.

இதில் தேறுவது ரொம்பக் குறைவு. 2022-ல் ஒரு இந்தியக் குடும்பத்துக்குத் தேறியது. அங்கே படிக்கப்போன மகள், கார் மேல் மரம் விழுந்து உடல் செயலிழந்தார். அவருக்கும் பெற்றோருக்கும் சேர்த்து அந்தச் சட்டம்.

ஆஸ்திரேலியாவில் இதையே அமைச்சர் கையெழுத்து செய்துவிடும். பிலோவீலா என்ற சின்ன ஊரில் வாழ்ந்த ஈழத் தமிழர்கள் நடேசலிங்கம் – பிரியா குடும்பத்தை 2018 மார்ச்சில் அதிகாலையில் வந்து பிடித்துப் போனார்கள். மகள்கள் ரெண்டு பேரும் அங்கேயே பிறந்தவர்கள். அதனால் மட்டும் அங்கே குடியுரிமை வந்துவிடாது. கிறிஸ்துமஸ் தீவு வரை தடுப்புக்காவல். ஊர் மக்கள் விடாமல் போராடினார்கள். 2022 மே தேர்தலில் ஆட்சி மாறியது, ஆகஸ்டில் நிரந்தர விசா வந்தது. விதி மாறல. ஒரு குடும்பத்துக்கு மட்டும் விலக்கு.

இந்தியாவில் என்ன நிலை?

ஒருவருக்குக் குடியுரிமை தரத் தனிச் சட்டம் போடும் வழக்கம் இங்கே இல்லை. ஆனா அறிவியல், கலை, இலக்கியம் மாதிரி துறைகளில் சிறப்பாகச் சேவை செய்தவருக்கு மத்திய அரசு நிபந்தனைகளைத் தளர்த்தலாம்னு 1955 குடியுரிமைச் சட்டம் சொல்லுது. பாகிஸ்தானியராக இருந்த பாடகர் அத்னான் சாமி 2016 ஜனவரி 1-ல் இந்தியரானார்.

கனகம்மாசத்திரம் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி முகாம் இருக்கு. அங்கே பெயின்ட் அடிக்கப் போகிறவரிடம் என்ன சிறப்புச் சேவைன்னு கேட்பது? ஆவணம் இல்லாமல் படகில் வந்தவர் சட்டத்தின் கண்ணில் ‘சட்டவிரோதக் குடியேறி’. விண்ணப்பிக்கவே வழியில்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான்.

1986-ல் மண்டபத்தில் பிறந்த முகாம் பெண் ஒருவர், கோர்ட்டுக்குப் போய் 2022-ல் பாஸ்போர்ட் உத்தரவு வாங்கினார். 2024-ல் முதல் ஓட்டும் போட்டார். இது சலுகை இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்கு, அப்பா அம்மா ரெண்டு பேருமே இலங்கைக் குடிமக்கள் என்றால், இந்த உரிமை கிடையாது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்மைக்கான தண்டனையில் இருந்து விலக்கு தந்தது. அதாவது, தங்கியிருந்தால் வழக்கு வராது. ஓட்டும் பாஸ்போர்ட்டும் அதில் வராது.