கூரைக்கு யார் பணம் கொடுப்பது?

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஒரு மலைத்தொடர் விற்பனைக்கு வந்தது. கறுப்புக் கூலின் என்று அதற்குப் பெயர். மலையேறுகிறவர்கள் ஆயுளில் ஒருமுறையாவது தொட்டுவிட வேண்டும் என்று ஏங்கும் கரடுமுரடான சிகரங்கள். கேட்ட விலை 1 கோடி பவுண்டு. விற்க முன்வந்தவர் மெக்லவுட் குலத்தின் 29ஆம் தலைவரான ஜான் மெக்லவுட். அவருடைய டன்வேகன் கோட்டையின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் செப்பனிடப் பணம் இல்லை. அதனால் மலையை விற்கிறேன் என்றார்.

நாடே கொதித்துப்போனது. மலையை இவருக்கு எழுதிக் கொடுத்தது யார் என்று தீவு மக்களும் மலையேற்றக்காரர்களும் கேட்டார்கள். அரசுடைமை நிலங்களை நிர்வகிக்கும் அமைப்பு பழைய பட்டயங்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய உரிமையை எதிர்த்து வழக்காடப் போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. ஆனாலும் மலை விற்கவில்லை. பிறகு, மலையைப் பொதுமக்களுக்கே தந்துவிடுகிறேன், பதிலுக்குக் கோட்டையைச் சீர்செய்து கொடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். அதற்கு வேண்டிய, மரபுச் சின்னங்களுக்கென லாட்டரி வருவாயிலிருந்து தரும் நிதியும் கிடைக்கவில்லை. 2007இல் அவர் இறந்துபோனார்.

அந்த மனிதர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளாக ஒரே குலத்தின் கையில் இருக்கும் வீடு தன் காலத்தில் இடிந்து விழக்கூடாது என்று நினைத்தார். அந்த நினைப்பு நல்லதுதான். ஆனால் ஒரு குலத்தின் கோட்டையைக் காப்பாற்றும் பொறுப்பை ஒற்றை மனிதரின் தலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சம்பவம் ஸ்காட்லாந்துக்கே காட்டிவிட்டது.

மேற்கு ஸ்காட்லாந்தில் கோட்டைக்குப் பெரிய பகைவன் மழை. மல் தீவில் ஆபன் துறைமுகத்தைப் பார்த்தபடி பாறை முனையில் நிற்கும் டூவர்ட் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்லீன் குலத்தின் தலைமையிடம் அது. 1691இல் ஆர்கைல் பிரபுவின் வசம் போய், பிறகு சிப்பாய்கள் தங்கும் இடமாகி, 1751க்குப் பின் கூரையில்லாமல் கிடந்தது. 1911இல் குலத்தலைவர் ஃபிட்ஸ்ராய் மெக்லீன் அந்த இடிபாட்டை விலைக்கு வாங்கினார். கிரைமியப் போரில் கலந்துகொண்டவர். வாங்கும்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இழந்த கோட்டையை மீட்பேன் என்று சிறு வயதிலேயே சபதம் செய்தவர் என்று குலத்தார் சொல்வதுண்டு. 1912 ஆகஸ்டில் உலகின் பல மூலைகளிலிருந்து மெக்லீன்கள் கோட்டையில் கூடினார்கள். அவரும் 101 வயதுவரை வாழ்ந்து 1936இல்தான் கண்மூடினார்.

இத்தனை அழகான கதை கோட்டையின் மீட்போடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 2013-14 குளிர்காலப் புயல்களில் டூவர்ட்டுக்குள் நீர் இறங்கியது. அறைகளின் மேற்பூச்சு சரிந்தது. குலம் மறுபடியும் கை நீட்ட வேண்டி வந்தது. கோட்டையைச் சுற்றி எழுந்த சாரம் ஆண்டுக்கணக்கில் நின்றது.

ஏன் இவ்வளவு காலம்? அந்த ஊர்ப் பழைய கோட்டைகள் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலும் காற்றும் வந்தால் வெளியே விடும். இருபதாம் நூற்றாண்டில் பல இடங்களில் கல் இடுக்குகளை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். சிமென்ட் பார்வைக்கு உறுதி. ஆனால் விரிசல் வழியே உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது. சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். அதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும். சுண்ணாம்போ உறைபனியில் இறுகாது. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான். ஆக, வருடத்தில் பாதி நாள்தான் வேலை நடக்கும். மீதிப் பாதி சாரத்துக்கு வாடகை ஓடும். கல், மணல், ஈயத் தகடு, ஆள் எல்லாமே படகேறித்தான் வர வேண்டும்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் வரி. பிரிட்டனில் புதிதாக ஒரு வீடு கட்டினால் மதிப்புக்கூட்டு வரி கிடையாது. பழைய நினைவுச்சின்னம் ஒன்றின் கூரையைச் சரிசெய்தால் 20 விழுக்காடு கட்ட வேண்டும். கனடாவில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மெக்லீன் 120 பவுண்டு அனுப்பினால், 100 பவுண்டு வேலைக்கும் 20 பவுண்டு கருவூலத்துக்கும் போகிறது. உள்நாட்டில் வரி கட்டுகிறவர் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் குலத்தாரில் பெரும்பாலோர் அந்த நாட்டில் இல்லையே.

அவர்கள் ஏன் அங்கே இல்லை என்பதைச் சொல்லாமல் நிதி திரட்டுவதைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1746இல் கலோடன் போரில், அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகப் போரிட்ட ஜேக்கபைட் படை தோற்றது. குலத்தலைவர்கள் தம் மக்கள்மீது வைத்திருந்த பரம்பரை நீதி அதிகாரம் சட்டத்தால் பறிக்கப்பட்டது. அதுவரை போருக்கு ஆள் தேவைப்பட்ட தலைவருக்கு அதன்பின் வாடகைப் பணம் தேவைப்பட்டது. ஆளைவிட ஆடு லாபம் என்றானபோது மக்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். பாரா தீவின் மெக்நீல் தலைவர் கடனில் மூழ்கி 1838இல் தீவையே விற்றார். பின்னர் அது ஜான் கார்டன் என்ற நிலக்கிழாரிடம் போனது. அவர் 1851இல் தீவுக் குடும்பங்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். அந்தக் கப்பல்களில் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகளிடம்தான் இன்று கோட்டைக்கு நன்கொடை கேட்கிறார்கள்.

கேட்கலாமா? கேட்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கொடுப்பவர்களுக்குக் கோட்டையில் பங்கு இருக்க வேண்டும்.

பாரா தீவின் கதையும் தனியொருவர் கையிலிருந்து பொதுக் கைக்குத்தான் போனது. அங்கே கடலுக்கு நடுவில் பாறைமேல் நிற்கும் கிசிமுல் கோட்டை 1795இல் தீப்பிடித்துப் பாழானது. அதன் கற்களை மீன்பிடிக் கப்பல்களுக்குப் பாரம் வைக்க எடுத்துப் போனார்கள். 1937இல் குலத்தின் 45ஆம் தலைவர் ராபர்ட் லிஸ்டர் மெக்நீல் கோட்டையையும் தீவின் பெரும்பகுதியையும் விலைக்கு வாங்கினார். அமெரிக்காவில் பிறந்த கட்டடக் கலைஞர். 1970வரை வேலை நடந்தது. ஒரு மனிதரின் பாதி வாழ்க்கை அதில் போயிற்று. அவர் மகன் சட்டப் பேராசிரியர். இந்தச் சுமையை இன்னொரு தலைமுறையின் தோளில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை போலும். 2000இல் அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்குக் கோட்டையை விட்டார். வாடகை வருடத்துக்கு 1 பவுண்டும் ஒரு புட்டி விஸ்கியும். சில ஆண்டுகளில் தீவு நிலத்தையும் அரசிடம் ஒப்படைத்தார். முன்னோர் விற்ற மண்ணை மீட்டவர்களின் குடும்பம் அதைப் பொதுவில் வைத்தது. குலத்தலைவர் என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான செயல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் முன்மாதிரி என்று காட்ட விரும்புவது பெர்த்ஷயரில், ஆபர்ஃபெல்டி ஊருக்குப் பக்கத்தில், வீம் கிராமத்தில் இருக்கும் மென்சீஸ் கோட்டையை. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம். நடுவே பெரிய வீடு, எதிரெதிர் மூலைகளில் இரண்டு கோபுரங்கள். ஜேக்கபைட் படையின் தலைவரான ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் 1746 பிப்ரவரியில் கலோடன் போருக்கு வடக்கே போகும் வழியில் இரண்டு இரவு இங்கே தங்கினார். சில நாள் கழித்து அவரைத் துரத்திவந்த அரசுப் படைத் தலைவர் கம்பர்லாண்ட் கோமகனும் இங்கேயே வந்திறங்கினார். 1855 முதல் 1858வரை வாடகைக்குக் குடியிருந்தவர் பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங். கோஹினூரையும் அரியணையையும் சிறுவனாக இழந்து, வேற்று நாட்டில் வேட்டையாடிப் பொழுதைக் கழித்தவர்.

1910இல் தலைமைக் குடும்பத்தின் நேர் வாரிசு அற்றுப்போனது. கோட்டை வேறு கைகளுக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படையின் மருந்துக் கிடங்காக இருந்தது. போர் முடிந்தபின் கேட்பாரற்றுச் சிதைந்தது. 1957இல் மென்சீஸ் குலச் சங்கம் அதை வாங்கியது. அதன் பின்னால் செல்வந்தர் என்று ஒருவரும் இல்லை. மென்சீஸ் என்ற பெயரும் அதன் கிளைப்பெயர்களும் கொண்ட உறுப்பினர்கள் கொடுத்த சந்தா இருந்தது. இடித்துப்போட வேண்டிய நிலையில் இருந்ததை ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். 1990களில் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் வைத்தார்கள். பழைய கோபுரம் முதலில், விக்டோரியா காலத்து இணைப்புக் கட்டடம் பிறகு என்று பல பத்தாண்டுகள் வேலை நகர்ந்தது. மெதுவாக நடந்தது என்று யாரேனும் குறை சொல்லலாம். மலையை விற்க வேண்டிய நிலை மட்டும் அங்கே வரவில்லை.

எல்லாக் கோட்டைக்கும் கூரை போட்டே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்கை தீவின் தெற்கே ஸ்லீட்டில், மெக்டொனால்டு குலத்தார் 1971இல் அறக்கட்டளை அமைத்து ஆர்மடேல் நிலங்களை வாங்கியபோது அங்கிருந்த மாளிகையை எழுப்ப முனையவில்லை. ஆபத்தான பகுதியை 1981இல் இடித்தார்கள். மிச்சத்தைப் பாழாகவே நிற்கவிட்டு, பணத்தைத் தோட்டத்திலும் அருங்காட்சியகத்திலும் போட்டார்கள். நல்ல முடிவு.

நிதி திரட்டுகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுண்டு. கோபுரத்துக்கும் கொடிமரத்துக்கும் விருந்து மண்டபத்துக்கும் பணம் எளிதாக வரும். பெயர் பொறிக்க இடமும் இருக்கும். மழைநீர்க் குழாயில் அடைத்த இலையை எடுக்க யாரும் நன்கொடை எழுதுவதில்லை. ஃபிட்ஸ்ராய் மெக்லீன் எழுப்பிய கோட்டையை நூறாண்டில் மறுபடி நனையவிட்டது இந்தச் சில்லறை வேலைகளுக்கு நிலையான வருமானம் இல்லாத குறைதான் என்று நான் நினைக்கிறேன். திரட்டும் தொகையில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்பாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுப் பராமரிப்பை நடத்த வேண்டும். கணக்கைக் குலத்தார் அத்தனை பேருக்கும் காட்ட வேண்டும்.

ஸ்காட்லாந்து போகும் வாசகர்கள் எடின்பரோ கோட்டையைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். அதற்குக் கூட்டம் எப்போதும் உண்டு. ஒரு நாள் ஒதுக்கி வீம் கிராமத்துக்குப் போங்கள். முடிந்தால் படகேறி டூவர்ட்டுக்கும் போங்கள். நுழைவுச்சீட்டு வாங்குங்கள், உண்டியலில் இரண்டு பவுண்டு கூடப் போடுங்கள். அந்தப் பணம் நேரே கூரைக்குப் போகிறது.