மீசை முளைக்காத பையனை விற்கிறார்கள்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள். பேஸ்கட்பால் பிடிக்காதவர்களும் படிக்கலாம், இதில் பந்தை விடக் கணக்குதான் அதிகம்.

மகள் வீட்டுப் பேரன் நியூஜெர்சியில் ஏழாம் வகுப்பு. நியூயார்க் நிக்ஸ் அணி மேல் வெறி. நான் முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியார். அதில் பாதிக் காலம், பி.டி. சார் இல்லாத குறைக்குப் பள்ளி பேஸ்கட்பால் அணியையும் கட்டி மேய்த்தவன். ஆகவே அவனுக்கும் எனக்கும் பேச்சு என்றால் அது என்.பி.ஏ.தான்.

போன ஞாயிறு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். இணையத்தில் டிரேட் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. எந்த அணியின் ஆட்டக்காரரை எந்த அணிக்கு மாற்றலாம் என்று யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். மில்வாக்கியின் யானிஸ் நிக்ஸுக்கு வருகிறார். பதிலுக்கு டவுன்ஸ், கூட ஒரு சின்ன ஆட்டக்காரர், அதோடு நிக்ஸின் 2032 ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக். சம்பளக் கணக்கு ஒத்துப்போகிறது என்று மெஷின் சொல்லிவிட்டதாம். "எப்படி தாத்தா?" என்று கேட்டிருந்தான்.

"2031 பிக்கை உங்கள் ஆட்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அதனால் 2032-ஐக் கொடுக்க முடியாது. விதி இருக்கிறது" என்று எழுதினேன்.

ஒரு நிமிடத்தில் பதில்: "அப்ப ஸ்வாப் தாத்தா."

இந்த இரண்டு சொல்தான் என்னை இவ்வளவு நீளம் எழுத வைக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் சொன்னதை, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் மேனேஜர்கள் பத்து வருடத்துக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஆண்டுதோறும் ஜூன் மாதம் டிராஃப்ட் நடக்கும். புதிதாக வரும் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், மொத்தம் இரண்டு சுற்று. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடியவர்களுக்கு வரிசையில் முன்னிடம். அதிலும் வேண்டுமென்றே தோற்கக் கூடாதே என்று லாட்டரி வைத்திருக்கிறார்கள். கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கத் தலா 14 சதவீத வாய்ப்பு. நோக்கம் என்ன? மெலிந்தவன் தேறட்டும் என்பது. கடைசி பெஞ்சுப் பையனை முன் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைப்பது மாதிரி. அந்த இடத்தைத்தான் 'பிக்' என்கிறோம். அந்த பிக்கை அணிகள் ஒன்றுக்கொன்று விற்கலாம். இன்னும் ஏழு வருடம் கழித்து வரப்போவதையும் இன்றே விற்கலாம்.

விற்பனைக்கு ஒரு கடிவாளம் உண்டு. 1980-இல் கிளீவ்லாண்ட் அணியை டெட் ஸ்டெபியன் என்ற தொழிலதிபர் வாங்கினார். வாங்கிய வேகத்தில் ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்குகளைக் கடலை மிட்டாய் மாதிரி விநியோகித்தார். டல்லஸ் அணிக்கு மட்டும் 1983 முதல் 1986 வரை நான்கு வருடமும் கிளீவ்லாண்டின் பிக் போனது. டெரெக் ஹார்ப்பர், சாம் பெர்கின்ஸ், டெட்லெஃப் ஷ்ரெம்ப், ராய் டார்ப்லி என்று டல்லஸ் ஒரு அணியையே கட்டிக்கொண்டது. கிளீவ்லாண்ட் 1981-82 பருவத்தில் 15 வெற்றி, 67 தோல்வி. 1983-இல் வேறு முதலாளிகள் வந்தபோது, அவர்கள் மேல் பரிதாபப்பட்டு லீக்கே கூடுதல் பிக்குகளை விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் இல்லாமல் ஒரு அணி இருக்கக் கூடாது என்ற விதி இந்தக் கூத்தில் பிறந்தது. இன்றும் அதற்கு ஸ்டெபியன் விதி என்றே பெயர். தப்பு செய்தவன் பேரில் சட்டம் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். பள்ளிக்கூடத்திலும் இப்படிச் சில விதிகளுக்குப் பழைய மாணவர்கள் பெயரை நாங்கள் ரகசியமாக வைத்திருந்தோம்.

சரி, அதைத் தாண்டுவது எப்படி? ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் விற்பது. நடுவில் வரும் வருடத்துக்கு ஸ்வாப். ஸ்வாப் என்றால், உன் இடம் என் இடத்தை விட நன்றாக இருந்தால் மாற்றிக்கொள்வேன், மோசமாக இருந்தால் மாட்டேன், முடிவு என் கையில். தலை விழுந்தால் எனக்கு லாபம், பூ விழுந்தால் உனக்கு நஷ்டம். கொடுத்தவனிடம் ஏதோ ஒரு பிக் பெயருக்கு இருக்கும், ஆகவே விதி மீறவில்லை.

நிக்ஸ் 2024-இல் மிகல் பிரிட்ஜஸ் என்ற ஒருவருக்காக புரூக்ளினுக்குக் கொடுத்தது 2025, 2027, 2029, 2031 பிக்குகளை. 2028-க்கு ஸ்வாப். அதற்கு முந்தைய வருடம் பீனிக்ஸ் டுராண்டுக்காகக் கொடுத்தது 2023, 2025, 2027, 2029. அங்கேயும் 2028-க்கு ஸ்வாப். 2021 ஜனவரியில் ஹார்டனுக்காக புரூக்ளின் கொடுத்தது 2022, 2024, 2026. ஸ்வாப் 2021, 2023, 2025, 2027. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை எவ்வளவு அழகாகப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள்.

இதில் புரூக்ளினை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது. அவர்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டது.

2013 கோடை. நியூஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்குக் குடிபோன புதிது. முதலாளி ரஷ்யப் பணக்காரர் மிகைல் புரோகரோவ். உடனே கோப்பை வேண்டும். பாஸ்டனிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ் இருவரையும் வாங்கினார்கள், கூடவே ஜேசன் டெரி. கார்னெட்டுக்கு வயது 37, பியர்ஸுக்கு 35. கொடுத்தது 2014, 2016, 2018 பிக்குகள், 2017-க்கு ஸ்வாப். கிடைத்தது? ஒரு பருவம் 44 வெற்றி, ஒரு சுற்று பிளேஆஃப் வெற்றி, அப்புறம் மயாமியிடம் உதை. அடுத்த வருடமே பியர்ஸ் வாஷிங்டன் போய்விட்டார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் மின்னசோட்டா போனார்.

பில் அப்புறம்தான் வந்தது. 2015-16-இல் புரூக்ளின் 21 வெற்றி. மூன்றாம் பிக் பாஸ்டனுக்கு: ஜேலன் பிரவுன். அடுத்த பருவம் 20 வெற்றி, லீக்கிலேயே கடைசி. லாட்டரியில் முதலிடம் விழுந்தது. யாருக்கு? அந்தப் பருவம் கிழக்குப் பிரிவில் முதலாவதாக வந்த பாஸ்டனுக்கு! கடைசியாக வந்தவனின் பரிசை முதலாவதாக வந்தவன் எடுத்துக்கொண்டு, தன் 27-ஆம் இடத்தை இவன் கையில் கொடுத்தான். பாஸ்டன் அந்த முதலிடத்தைப் பிலடெல்பியாவிடம் மாற்றி, மூன்றாம் இடமும் இன்னொரு எதிர்கால பிக்கும் வாங்கிக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024-இல் அந்த டேட்டமும் பிரவுனும் சேர்ந்துதான் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த பில்லை யார் கட்டினார்? டிரேடைப் போட்ட ஜெனரல் மேனேஜர் பில்லி கிங் 2016 ஜனவரியில் பதவி இறங்கிவிட்டார். முதலாளி புரோகரோவ் 2019-க்குள் அணியை முழுதாக ஜோ சாயிடம் விற்றுவிட்டார், அணியின் மதிப்பு சுமார் 235 கோடி டாலர். அவருக்கு என்ன நஷ்டம்? கட்டியவர்கள் 20 வெற்றிப் பருவத்திலும் டிக்கெட் எடுத்து மைதானத்தில் உட்கார்ந்தவர்கள். தோற்றால் அடுத்த வருடமாவது நல்ல பையன் வருவான் என்ற ஆறுதல் எந்த ஊர் ரசிகனுக்கும் உண்டு, இவர்களுக்கு அதுவும் இல்லை. அப்புறம் வந்த ஷான் மார்க்ஸ் சொந்த ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் கையில் இல்லாமல் மூன்று வருடத்தில் அணியைத் தூக்கி நிறுத்தி 2019-இல் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். கைதட்டினேன். அதே மார்க்ஸ்தான் 2021-இல் ஹார்டனுக்காக ஏழு வருடத்தை எழுதிக் கொடுத்தார். ஹார்டன் அங்கே ஆடியது 80 லீக் ஆட்டங்கள். கைதட்டியதை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒரு வயதுக் கணக்கு. 2013 ஜூலையில் அந்த டிரேட் நடந்தபோது டேட்டமுக்கு 15 வயது. பிரவுனுக்கு 16. இருவரும் பள்ளிக்கூடத்தில். டிராஃப்டுக்கு வர ஒருவனுக்கு அந்த ஆண்டில் 19 நிரம்ப வேண்டும். அப்படியானால் 2032 பிக் என்று நாம் இன்று பேசுவது பெரும்பாலும் 2013-இல் பிறந்த ஒரு பையனை. இப்போது ஏழாம் வகுப்பு. என் பேரன் வயசு. இன்னும் குரல் உடையவில்லை. அவன் எந்த ஊரில் வேலைக்குச் சேர வேண்டும் என்பதை, அவன் பெயரே தெரியாத இரண்டு பேர் இன்று கையெழுத்துப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். டிராஃப்டே அப்படித்தானே, பையனுக்கு எப்போதும் விருப்பம் இல்லையே என்பீர்கள். உண்மை. ஆனால் டிராஃப்டுக்கு ஒரு நியாயம் சொன்னார்கள், மெலிந்தவன் தேறட்டும் என்று. அந்த நியாயத்துக்காகத்தான் அவன் தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்கிறான். பிக்கை ஏழு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டால் அந்த நியாயம் எங்கே போனது?

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து சொல்வீர்கள். மில்வாக்கி 2020-இல் ஜ்ரூ ஹாலிடேவுக்காக அள்ளிக் கொடுத்தது, 2021-இல் ஐம்பது வருடத்துக்குப் பிறகு கோப்பை வாங்கியது. லேக்கர்ஸ் ஆண்டனி டேவிஸுக்காகக் கொடுத்து 2020-இல் ஜெயித்தது. ஜெயித்தால் எல்லாம் சரிதானே?

ஜெயித்த மில்வாக்கியின் மீதிக் கதையையும் கேளுங்கள். அந்த ருசியில் 2023-இல் டேமியன் லில்லார்டுக்காகப் போர்ட்லாண்டுக்கு ஹாலிடேவையே கொடுத்தார்கள். கூட 2029 பிக், 2028, 2030 ஸ்வாப். லில்லார்டோடு இரண்டு பருவம், இரண்டிலும் முதல் சுற்றிலேயே இந்தியானாவிடம் தோல்வி. 2025 ஏப்ரலில் லில்லார்டின் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூலையில் அவரை விடுவித்தார்கள். மீதிச் சம்பளம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து, வருடத்துக்குச் சுமார் 2.25 கோடி டாலர், ஆடாத மனிதருக்கு. லில்லார்ட் நேராகப் போர்ட்லாண்டுக்கே திரும்பிவிட்டார். பாஸ்டன் போய் இன்னொரு கோப்பை வாங்கிய ஹாலிடேவும் அதே கோடையில் போர்ட்லாண்டுக்கு வந்து சேர்ந்தார். கொடுத்தவரும் அங்கே, வாங்கியவரும் அங்கே, மில்வாக்கியின் பிக்கும் அங்கே. உள்ளதும் போச்சு என்பார்களே, அது இதுதான்.

2021 கோப்பை பொய்யா? இல்லை. அந்த ஊர்க்காரன் சந்தோஷத்தை நான் பிடுங்க வரவில்லை. இன்றைய கோப்பைக்கு இன்றைய பொருளைக் கொடுங்கள். உங்கள் ஆட்டக்காரரைக் கொடுங்கள், அடுத்த வருட பிக், அதற்கடுத்த வருட பிக், மூன்றாம் வருடம் வரைக்கும்கூடக் கொடுங்கள். அந்த நஷ்டத்தை அனுபவிக்கும்போது அநேகமாக நீங்களே அந்த நாற்காலியில் இருப்பீர்கள், பத்திரிகைக்காரன் உங்களைத்தான் கேட்பான்.

ஆகவே ஏழு வருடத்தை மூன்றாகக் குறைக்க வேண்டும். ஸ்டெபியன் விதியில் ஸ்வாப்பையும் விற்ற பிக்காகவே கணக்கிட வேண்டும். 2023 ஒப்பந்தத்தில், சம்பளத்தை ஓர் எல்லைக்கு மேல் ஏற்றும் அணிகள் ஏழாம் வருட பிக்கை விற்க முடியாதபடி பூட்டு வைத்தார்கள் அல்லவா? பணக்கார அணிகளைத் தண்டிக்கப் பூட்டத் தெரிந்தால், எல்லாருக்கும் பூட்டவும் தெரியும். டிரேட் குறைந்துவிடும், சுவாரசியம் போய்விடும் என்பவர்களுக்கு: மூன்று வருட பிக்குகளையும் நானூற்றுச் சொச்சம் ஆட்டக்காரர்களையும் வைத்துக்கொண்டு ஒரு மேனேஜரால் டிரேட் போட முடியவில்லை என்றால் அவரை மாற்றுங்கள்.

தினமும் டிரேட் மெஷினில் விளையாடும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் போடும் டிரேடில் எப்போதும் உங்கள் அணிக்கு யானிஸ் வருகிறார், எதிர் அணிக்கு உங்களுக்கு வேண்டாதவரும் "இரண்டு ஃபர்ஸ்டும்" போகிறது. அந்த இரண்டு ஃபர்ஸ்ட் சில்லறை மாதிரி கடைசியில் வந்து விழுகிறது. அடுத்த முறை வருடத்தைப் போடுங்கள். அந்த வருடம் உங்கள் நட்சத்திரத்துக்கு என்ன வயது என்று பக்கத்தில் எழுதுங்கள். யானிஸுக்கு 2032-இல் 37 முடிந்து 38 நடக்கும். புரூக்ளின் வாங்கியபோது கார்னெட்டுக்கு என்ன வயது என்று மேலே போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம் சுருக்கிப் பேரனுக்கும் அனுப்பினேன். "2032-இல் உனக்கு 19 வயது. அந்த பிக் நீதான் என்று வைத்துக்கொள். நிக்ஸ் உன்னை மில்வாக்கிக்கு விற்றுவிட்டது, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

வெகு நேரம் பதில் இல்லை. அப்புறம், "நான் நிக்ஸுக்குத்தான் ஆடுவேன் தாத்தா. 2032 வேண்டாம்" என்று வந்தது. சரி, பையனுக்குப் புரிந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

இன்று காலை எழுந்து பார்த்தால் இன்னொரு படம். அதே யானிஸ், அதே டவுன்ஸ். 2032-ஐ எடுத்துவிட்டு 2030 ஸ்வாப் போட்டிருக்கிறான்.