ஐ7, 5 கிகாஹெர்ட்ஸ்... ஆனாலும் உங்க லேப்டாப் ஏன் டெஸ்க்டாப் அளவுக்கு ஓடல?

கடையில் 'ஐ7, 5 கிகாஹெர்ட்ஸ்' என்று பார்த்ததுமே பலர் பில் போடச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க.

இன்டெலின் 13-ம் தலைமுறையில் மூன்று சிப்களை எடுத்துக்கொள்வோம். மெல்லிய லேப்டாப்பில் வரும் ஐ7-1355யூ, கேமிங் லேப்டாப்பில் வரும் ஐ7-13700எச் இரண்டுக்கும் உச்ச வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸ். டெஸ்க்டாப்பின் ஐ7-13700-க்கு 5.2. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனால் 1355யூ-வின் 10 கோர்களில் வேகமானவை 2 மட்டுமே. 13700எச்-ல் 14-க்கு 6, டெஸ்க்டாப்பில் 16-க்கு 8.

அதைவிடப் பெரிய வித்தியாசம் மின்சாரத்தில். டெஸ்க்டாப் சிப் 219 வாட் வரை இழுக்கலாம். 1355யூ-வுக்கு உச்சமே 55, நிதானமாக ஓடும்போது 15. அந்த 5.0 என்பது ஒன்றிரண்டு கோர்கள் கொஞ்ச நேரம் தொட்டுவிட்டு வரும் வேகம். சூடு ஏறினால் சிப் தானாகவே இறங்கிவிடும். பிரவுசர், எக்செல் வேலையில் இது தெரியவே தெரியாது. நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கிகாஹெர்ட்ஸை நம்பி ஏமாறுவது புதுசும் இல்ல. 2004-ல் பென்டியம் 4 சிப் 3.8-ஐத் தொட்டது. 2006-ல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ அதை ஓரங்கட்டியது. ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் அது அதிக வேலையை முடித்தது, அவ்வளவுதான்.

எனவே வாங்கும்போது சிப் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்க: யூ என்றால் பேட்டரிக்கு முன்னுரிமை, எச் என்றால் வேகத்துக்கு. ஒரே சிப்புக்கும் லேப்டாப் மாடலைப் பொறுத்து வாட் வரம்பு மாறும். அதனால் சினிபெஞ்ச் சோதனையை 10 நிமிடம் விடாமல் ஓட்டிய ரிவ்யூ இருக்கிறதா என்று தேடிப் பாருங்க.