கோடு போடுவது மெஷின், படிப்பது மனுஷன்

பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலை கிரிவலப் பாதை, 14 கிலோமீட்டர். நடக்கிற கூட்டத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். நெஞ்சில் பாரம், உடம்பெல்லாம் வேர்வை. "வாய்வுதாங்க, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். வாய்வா, மாரடைப்பா என்பதற்கு முதல் துப்பு கொடுப்பது ஈ.சி.ஜி. காகிதம். ஆனால் அது தானாகப் பேசாது. படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஈ.சி.ஜி. ஒன்றும் புது சமாச்சாரம் இல்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் இதற்காக 1924-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். அடிப்படைக் கணக்கும் சுலபம்தான். காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு சீராக இருந்தால், இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி, 300-ஐ அதனால் வகுக்க வேண்டும். நாலு கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75.

இதை ஒரே மத்தியானத்தில் கற்றுக் கொள்ளலாம். கஷ்டம் அதற்கப்புறம்தான். புத்தகத்தில் படம் சுத்தமாக இருக்கும். வார்டில் நோயாளி நடுங்குவார், கோடும் சேர்ந்து நடுங்கும். வலது கை, இடது கை ஒயரை மாற்றி மாட்டினால் முதல் லீடில் அலைகள் தலைகீழாகும். இல்லாத கோளாறு இருப்பது போலத் தெரியும். நிஜமான மாரடைப்பிலேயே முதல் ஈ.சி.ஜி. நார்மலாக வருவதும் உண்டு.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இருப்பாய்வு இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டால் தப்பே இல்லை என்று அர்த்தமா என்ன? அடியோடு விட்டுப்போன பதிவு அதில் தெரியவே தெரியாது. அனுபவஸ்தர் வவுச்சரைத் தேடிப் போவார். நல்ல டாக்டரும் அப்படித்தான். காகிதத்தை வைத்துவிட்டு நோயாளியைப் பார்ப்பார். சற்று நேரம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிடுவார்.

இந்தப் படிப்பின் மதிப்பு என்ன என்று தமிழ்நாடே காட்டியிருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு கோத்து, ஈ.சி.ஜி.யை உடனுக்குடன் அனுப்பி, மாரடைப்பு வந்தவர்களைக் கவனிக்கும் ஏற்பாடு இங்கே பரிசோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

மெஷின் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு ஜோடிக் கண். அதைப் பழக்குவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஜவ்வாது மலையிலிருந்து ஒருவரைக் கீழே அனுப்பிய இளம் டாக்டருக்கு, அந்த நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று தகவல் திரும்பி வர வேண்டும். "நீங்க நினைச்சது சரி" அல்லது "இந்த இடத்துல கோட்டை விட்டீங்க" என்று ஒரு வரி போதும். விடைத்தாள் திரும்பி வராத பரீட்சையில் யாராவது தேறியதுண்டா?

அந்த ஒரு வரி வராவிட்டால், பத்து வருஷ அனுபவம் என்பது ஒரே தப்பைப் பத்து வருஷம் செய்ததாகக்கூட இருக்கலாம். அதற்கான விலையைக் கொடுப்பவர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அந்த அறுபது வயதுக்காரர்.