கொரியர் வீதி மீன் அடை நமது அடுக்களையில்

தொலைக்காட்சித் தொடரிலே கொரியக் கதாநாயகி குளிரில் நடுங்கிக்கொண்டு வண்டிக்கடை ஓரத்தில் நிற்கிறாள். குச்சியிற் கோத்த ஏதோவொன்றைக் கடித்து, காகிதக் கிண்ணத்திற் சுடுசாறு அருந்துகிறாள். 'அது என்ன?' என்று பிள்ளைகள் கேட்கும் கேள்வி இன்று பல வீடுகளில் எழுகின்றது. 2004 ஆம் ஆண்டு இலங்கைக்கும் கொரியாவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின், அங்கே தொழிலுக்குச் சென்ற இளைஞர்கள் அதனைத் தின்றே வந்திருக்கின்றனர். ஓமுக் என்பது அதன் பெயர். ஜப்பானியச் சொல்லின் வழிவந்த ஓதெங் என்ற பெயரும் வழங்குகின்றது.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பூசான் துறைமுகத்திற் பரவிய உணவு இது. 1950 இற் போர் மூண்டபோது அகதிகள் வந்து குவிந்தது அந்த நகரிலேயே. விலைபோகாத சிறுமீன்களை அரைத்துப் பொரித்த இவ்வடை பலரின் பசியைத் தணித்தது. 1995 ஒக்டோபரில் ஊரோடு நடந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனிச் செய்முறை. நமது மீன் கட்லட்டுக்கு மீனை அவித்து உதிர்க்கிறோம். அவித்த தசை தானாக ஒட்டாது. அதனாலேயே உருளைக்கிழங்கின் துணை தேவைப்படுகின்றது. ஓமுக்குக்குப் பச்சை மீனையே அரைக்க வேண்டும். உப்புச் சேர்த்து அரைக்கும்போது தசையிலுள்ள புரதம் கரைந்து பசையாகின்றது. சூடு பட்டதும் அப்பசை வலைபோல இறுகி, இழுபடும் தன்மையைத் தருகின்றது. அரைக்கும்போதே மீன் சூடேறினால் இத்தன்மை கெட்டுவிடும். ஆகவே பனிக்கட்டி இன்றியமையாதது. மாவை அள்ளிக் கொட்டி இறுக்கப் பார்ப்போர் உளர். அவர்களுக்குக் கிடைப்பது மாவடையேயன்றி மீனடையன்று.

வெண்தசை மீனே உகந்தது. சீலா நன்று. முள்ளுவாளை அதனினும் நன்று. முள் மிகுதியென்று நம்மவர் ஒதுக்கும் இம்மீனையே மலேசியா, சிங்கப்பூர்ச் சீனர் மீனுருண்டைக்குத் தேடி வாங்குகின்றனர். கரண்டியால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினால் தசை வரும், முள் நிற்கும். சூடை முதலிய கருந்தசை மீன்கள் அவ்வளவு இறுகா. மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருத்தல் வேண்டும். இவ்விடயத்திற் குடாநாட்டார் பேறுபெற்றோர். குருநகர், பாசையூர், பருத்தித்துறை உண்டு. 1990 இல் மக்கள் வெளியேறி, 2017 இல் மீண்டும் கைக்கு வந்த மயிலிட்டியும் உண்டு.

சுரண்டிய தசை 500 கிராம், உப்பு இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, பனிக்கட்டி மூன்று துண்டு. முதலில் இவற்றை மட்டும், விரலில் ஒட்டும்வரை அரைக்க. பின்னர் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, சீனி ஒரு தேக்கரண்டி, உள்ளி இரண்டு பல்லு, சோளமா இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து மறுபடி அரைக்க. பொடியாக அரிந்த கரட்டும் வெங்காயமும் கடைசியிற் கலக்கலாம். எண்ணெய் தடவிய வாழையிலையில் இரண்டு நாணயக் கனத்துக்குப் பரப்பி, அகன்ற பட்டிகளாக வெட்டி, கத்தியால் மெல்லத் தள்ளி மிதமான சூட்டிற் பொரிக்க. எண்ணெய் மிகக் காய்ந்தால் அடை ஊதி வெடிக்கும். பொன்னிறமானதும் எடுத்து, கொதிநீர் ஊற்றி எண்ணெயைக் கழுவுக. பின்பு சேலை கொசுவுவதுபோல மடித்து மூங்கிற் குச்சியிற் கோக்க. குச்சி கிடையாதெனில் தடித்த ஈர்க்கு இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். தென்னையிருக்கக் கடைக்கு ஓடுவானேன்?

சாற்றுக்குக் கொரியர் கடற்பாசியும் உலர்ந்த நெத்தலியும் முள்ளங்கியும் இடுவர். பின்னிரண்டும் நம் சந்தையிலேயே உள்ளன, அவையே போதும். தலை கிள்ளிய நெத்தலிக் கருவாட்டைக் கழுவி, முள்ளங்கித் துண்டுகளுடன் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு வடித்து, கோத்த அடைகளைப் பத்து நிமிடம் அதில் ஊறக் கொதிக்கவிடுக. கருவாட்டிலேயே உப்புண்டு, சுவைபார்த்தே மேலும் இடுக.

வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழா நாள்களும் மச்சம் தவிர்ப்போர், அடையைப் பொரித்து உறையவைத்து வேறு நாளில் எடுக்கலாம்.

தொட்டுக்கொள்ளச் சோயா சோஸில் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போடுவர் அந்நாட்டார். தேசிக்காய்ப்புளி அவர்கள் வழக்கமன்று. நாம் சில துளி விட்டுப் பார்த்தோம், குறைசொல்வாரில்லை.