விரைவின் விலையை யார் தருவது?

ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை என்றவுடன் அதன் விரைவே அனைவர் நினைவுக்கும் வருகிறது. அவ்விரைவுக்கு ஒரு விலை உண்டு. அதனை யார் தருகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கைப்பேசியில் பேசும் குரலை வானலைகளே சுமந்து செல்கின்றன. அலைக்கற்றை எனப்படும் இவ்வளம் நாட்டின் பொதுச்சொத்து. அதனைப் பயன்படுத்தும் உரிமையை அரசு ஏலத்தில் விடுகிறது. 2010ஆம் ஆண்டின் மூன்றாம் தலைமுறை ஏலத்தில் ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய் கிடைத்தது. 2022ஆம் ஆண்டு ஏழு நாள்கள் நடைபெற்ற ஏலமோ ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி ரூபாயை எட்டியது.

ஏலத்தொகை முதற்செலவு மட்டுமே. அதிர்வெண் மிகுந்த அலைகள் நெடுந்தொலைவு செல்லா. சுவரும் மரமும்கூட அவற்றை மறிக்கும். ஆதலால் கோபுரங்களை நெருக்கமாக அமைத்தல் வேண்டும்; அவற்றை இணைக்கக் கண்ணாடியிழை வடங்களைப் பதித்தல் வேண்டும். இவற்றை இயக்க மின்சாரமும் மிகுதியாகத் தேவைப்படும்.

இத்தகைய செலவுகளுக்கு நிறுவனங்கள் பெருங்கடன் வாங்குகின்றன. கடன் மிகுந்தால் நிறுவனமே வீழக்கூடும். தமிழ்நாட்டில் பலர் பயன்படுத்திய ஏர்செல், கடன்சுமையால் 2018ஆம் ஆண்டு நொடித்தது. அலைபேசி இணைப்பை இழந்த மக்கள், தம் எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்ள அலைந்தனர். நிறுவனங்கள் குறையக் குறைய, மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் குறைகிறது. 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின.

புதிய வலையமைப்பால் மருத்துவமும் கல்வியும் தொழிலும் வளரும் என்பது உண்மையே. ஆயினும், பழைய பொத்தான் கைப்பேசியில் வெளியூரிலுள்ள பேரனுடன் பேசுவதற்கு மட்டும் பணம் கட்டும் பாட்டி, தாம் பயன்படுத்தாத விரைவுக்கும் விலை தருவது முறையாகுமா? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தைத் தனியே வழங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதித்தது நல்ல தொடக்கம். அத்திட்டத்தின் கட்டணம் எளியோர்க்கு எட்டும் அளவில் இருந்தால்தான் அது பயன் தரும்.

ஆறாம் தலைமுறைக்கான ஆய்வுகள் இப்போதே தொடங்கிவிட்டன. அடுத்த ஏலத்தில் எத்தனை கோடி கிடைக்கும் என்று கணக்கிடுமுன், மலையூர்களிலும் காட்டூர்களிலும் ஓர் அழைப்பேனும் தடையின்றிக் கிடைக்க வழி செய்தல் வேண்டும். சிலருக்கு விரைவு கூடுவதைவிட, அனைவருக்கும் குரல் எட்டுவதே முதன்மையானது.