ஆடுகளமும் திரையும் ஆட்சியும்

மாணாக்கர்க்கு முதியோர் கூறும் அறிவுரை பெரும்பாலும் மூன்றாக இருக்கக் காண்கின்றோம். மாலைப்பொழுதில் ஆடுகளம் செல்க. வீடியோ கேமைத் தொடற்க. அரசியலின் பக்கம் தலைவைத்தும் படுக்கற்க. இம்மூன்றும் அன்பினால் பிறந்த சொற்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதலாவது நன்று, இரண்டாவது தீது, மூன்றாவது கொடிது என்று மூன்றையும் மூன்று பெட்டிகளில் இட்டுப் பூட்டிவிடுதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் துணிபு.

உவகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் எண்ணிய நான்கனுள் விளையாட்டும் ஒன்று. களத்தில் ஆடுவது, பலகையில் ஆடுவது என்னும் பாகுபாடு ஒன்றும் அவர் ஆண்டுச் செய்திலர். திரையில் ஆடுவதை அவர் அறியார். அறிந்திருப்பின் விலக்கியிருப்பார் என்று கொள்ள எனக்குக் காரணம் தோன்றவில்லை.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டுத் திங்கள்களில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2019-இல் செங்கற்பட்டு மாவட்டம் பிரியுங்காறும் மாமல்லபுரம் எங்கள் காஞ்சிபுர மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆதலின் எங்களுக்கு அது வீட்டு விழாவே ஆயிற்று. வேட்டி கட்டிய 'தம்பி' என்னும் குதிரை சுவர்தோறும் கைகூப்பி நின்றது. அங்கே முதற்பலகையில் தனியாள் தங்கம் வென்ற குகேஷ், 2024 டிசம்பரில் தம் பதினெட்டாம் வயதில் உலக வீரரானார். இஃது விளையாட்டன்று என்பார் எவருமிலர். ஆனால் அதற்கு ஈராண்டு முன்னர், கொரோனாப் பெருந்தொற்றின் காலத்தில், ஒலிம்பியாடு திரையிலேயே நடந்தது. இறுதி ஆட்டத்தில் நம்மவர் இருவர் இணையத் தொடர்பு அறுந்து, காலம் கழிந்து தோற்றனர். முறையீட்டின்மேல் இந்தியாவும் ரஷ்யாவும் ஒருங்கே தங்கம் பெற்றன என அறிவிக்கப்பட்டது. பலகையில் நகரும் குதிரை அறிவை வளர்க்கும், திரையில் நகரும் குதிரை அறிவைக் கெடுக்கும் என்று எந்த வாயால் கூறுவது?

"சதுரங்கம் வேறு, துப்பாக்கி ஏந்தி ஓடும் ஆட்டம் வேறு" என்பர். வேறுதான். ஆயினும் 2023-இல் ஹாங்சௌ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் திரைவிளையாட்டுகட்கும் பதக்கம் வழங்கப்பட்டது. கண் கெடும், உறக்கம் கெடும், தேர்வு கெடும் என்னும் குறைகளை யான் மறுக்கவில்லை. அவை அளவைப் பற்றியவை. இரவெல்லாம் நாவல் படித்தாலும் அவை நேரும்.

இனி, உண்மையான கேட்டுக்கு வருவோம். எங்கள் பகுதியில் ஒரு நெசவாளர் குடும்பம் உண்டு; பெயர் வேண்டா. கணவனும் மனைவியும் ஒரே குழித்தறியில் அமர்ந்து, ஒருவர் உடலுக்கு நாடா எறிய, மற்றவர் கரைக்கு நாடா வாங்கிக் கொடுத்து, பல நாள் உழைத்தால் ஒரு கோர்வைச் சேலை தறியினின்று இறங்கும். அவர்கள் மகனார் என்னினும் நான்காண்டு மூத்தவர். அண்ணன் என்றே அழைப்பேன். எங்கள் தெருவுக்கு அவரைப் போன்ற பந்துவீச்சாளர் பிறர் இலர். முதியோர் வகுத்த கணக்கின்படி அவர் நல்வழியில் நின்ற இளைஞர். அவ்வண்ணனே கைப்பேசியில் ரம்மி ஆடி, இரண்டு சேலைக்குரிய கூலியை ஒரே கிழமையில், அதுவும் நள்ளிரவுகளில், இழந்தார். ஆடுகளம் அவரைக் காக்கவில்லை. கோடு கிழிக்கவேண்டிய இடம் களத்துக்கும் திரைக்கும் நடுவே அன்று, ஆட்டத்துக்கும் சூதுக்கும் நடுவே என்று யான் கூறுவது இதுபற்றியே. (சிலுவையின் அடியில் சீட்டுப்போட்ட போர்வீரர் பங்கிட விரும்பாத அங்கியும் தையலின்றி ஒரே நெசவாய் நெய்யப்பட்டது என்று யோவான் எழுதியிருப்பது, தறியொலிக்கிடையே வளர்ந்த என் நினைவுக்கு அடிக்கடி வரும்.)

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை வைத்த இடத்தையும் நோக்குக. அது அறத்துப்பாலில் இல்லை. அரசும் அமைச்சும் அரணும் பேசப்படும் பொருட்பாலில் 94-ஆம் அதிகாரமாக நிற்கின்றது. சூது தனிமனிதன் ஒழுக்கத்தோடு முடிவதன்று, நாட்டின் பொருளைப் பற்றியது என்று அவர் கருதினார் போலும். அவ்வாறாயின் அதனைப் பற்றிப் பேசுவோன் அரசியல் பேசியே தீரவேண்டும்.

நம் மாநிலத்தில் நடந்ததும் அதுவே. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டைத் தடுக்க 2021-இல் இயற்றிய சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதாக்கிற்று. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்று, அக்டோபரில் சட்டமன்றம் வேறொரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதனைத் திங்கள் பல தம்மிடம் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். சட்டமன்றம் அம்மார்ச்சிலேயே மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்று, ரம்மியையும் போக்கரையும் நல்வாய்ப்பு ஆட்டங்களின் பட்டியலினின்று நீக்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பணம் வைத்து ஆடலாகாது என விதி வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 20-இல் மக்களவை ஒரு மசோதாவை அறிமுகம் செய்த அன்றே நிறைவேற்ற, மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்ற, 22-இல் குடியரசுத்தலைவரின் ஒப்புதலும் கிடைத்து, பணம் வைத்தாடும் இணைய விளையாட்டு நாடெங்கும் தடை செய்யப்பட்டது. திரைவிளையாட்டுப் போட்டிகளை அதே சட்டம் ஊக்குவிக்கவும் முற்பட்டது. மாநிலம் நான்காண்டுக்குமேல் வழக்காடிய செய்தியை மூன்று நாளில் முடித்த விரைவு எனக்கு முழு மகிழ்ச்சி தரவில்லை. இத்துணைப் பெரிய செய்தி விரிவாக வாதிக்கப்பட்டிருக்கவேண்டும். எனினும் முடிவு நன்று.

இவ்வழக்குகளிலெல்லாம் கேட்கப்பட்ட வினா, ரம்மி திறனா, நல்வாய்ப்பா என்பது. பெரும்பாலும் திறனே என்று அறுபதாம் ஆண்டுகளிலேயே உச்சநீதிமன்றம் கூறிற்று. அது செகந்தராபாத்தில் ஒரு மன்றத்தில் சிலர் முகம் பார்த்து ஆடியதைப் பற்றிய வழக்கு. அம்மன்றத்து மேசைக்கு ஒரு நேரத்தில் விளக்கணைப்பர். எதிரில் அமர்ந்தவன் "போதும், எழுந்திரு" என்பான். சட்டைப்பையில் இருக்கும் மேசைக்கு விளக்கணைப்பார் யார்? எதிரி யாரென்றே தெரியாது. பணமோ விரல்பட்டவுடன் போகும். திறன் உண்டு என்பதனாலேயே தீங்கு மிகுகின்றது. "இன்னும் சற்றுத் திறமையாக ஆடினால் மீட்டுவிடலாம்" என்று எண்ணித்தானே அவ்வண்ணன் ஒருவாரம் விழித்திருந்தார்? தடை செய்தால் மறைவில் அயல்நாட்டுத் தளங்களில் ஆடுவர் என்னும் வாதமும் உண்டு. சிலர் ஆடுவர். ஆனால் கிரிக்கெட்டு வீரர் சிரித்த முகத்தோடு அழைக்கும் ஆட்டத்துக்கும், மறைந்து தேடிச் செல்லவேண்டிய ஆட்டத்துக்கும் வேறுபாடு பெரிது. அச்சட்டம் வந்தபின் 2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பைப் போட்டியில் நம் அணியினர் மார்பில் விளம்பரதாரர் பெயரின்றி ஆடக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, அவர்கள் எடுத்த ஓட்டங்களால் உண்டான மகிழ்ச்சியினும் குறைந்ததன்று.

"விளையாட்டில் அரசியலைக் கலவற்க" என்பாரை ஒன்று கேட்பேன். முற்கூறிய மாமல்லபுர ஒலிம்பியாடு முதலில் ரஷ்யாவில் நடக்கவேண்டியது; உக்ரைன்மேல் படையெடுப்பு நிகழ்ந்தமையாலேயே இங்கு வந்தது. மகளிர் பிரிவில் தங்கம் வென்றதோ உக்ரைன். போட்டிச் சுடர் காசுமீர வழியே சென்றதென்று பாகிஸ்தான் அணி வந்தும் ஆடாமல் திரும்பியது. 2020 செப்டம்பரில் மாணாக்கர் பலர் கைப்பேசியினின்று பப்ஜி ஆட்டம் மறைந்ததற்குக் காரணம் அவர்தம் படிப்பன்று. கல்வான் எல்லையிற் சிந்திய குருதி. கலவாதிருந்த காலம் எது?

மாணாக்கர் அரசியலுக்கு அஞ்சவேண்டும் என்பதும் இத்தகையதே. 1965-இல் இந்தி எதிர்ப்பில் தெருவுக்கு வந்த மாணவர் தலைமுறை 1967-இல் காமராசரையே விருதுநகரில் ஒரு மாணவத் தலைவரால் தோற்கச் செய்தது. அத்தேர்தலின் பயனாய் முதலமைச்சரானவர் எங்கள் காஞ்சிபுரத்து அண்ணா. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் மாணாக்கர் கூடினமையால் சில நாட்களில் ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் வந்தது. ஜல்லிக்கட்டின் நன்மை தீமையில் எனக்கு இன்னும் ஐயமுண்டு. சட்டம் பிறக்கும் வழியில் ஐயமில்லை. கட்சிக்கொடி பிடித்து வகுப்பைக் கெடுப்பதை யான் ஆதரிக்கவில்லை. ஆயின் 1989 முதல் பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை தந்துவிட்டு, அவ்வாக்கைப் பற்றிச் சிந்தியாதே என்பது, தறியைக் கொடுத்து நாடாவை ஒளித்துவைப்பதாகும்.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டுப்பாவு நீட்டுவர். வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டி எடுத்தபின்னரே சிறுவர்க்கு அத்தெரு ஆடுகளமாகும். பின்னர் வண்டிகள் வந்துவிடும். பந்து தறிக்கூடத்துச் சன்னலில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அதன்பின் அச்சிறுவர் கைகளில் எஞ்சுவது கைப்பேசியே. "திரையை விடு" என்று அவர்களைக் கடிந்துகொள்வார், நெசவாளர் பகுதிதோறும் ஓர் ஆடுகளம் வேண்டுமென்று மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பமேனும் எழுதினரா? வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருவாரிடம் யான் முதலிற் கேட்க எண்ணியிருக்கும் வினா அந்த ஆடுகளத்தைப் பற்றியதே.